முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தியமான கதை

பத்து வருடமாக அசையாத ஒரு கை அன்றைக்கு அசைந்தது. அந்தக் கை அவருடைய உடம்பிலேயே இல்லை.

1990களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஒருவர் வந்திருந்தார். மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய ஒரு கையின் நரம்புகள் முள்ளந்தண்டோடு பிய்ந்துபோயிருந்தன. ஆய்வுக் கட்டுரைகளில் அவருக்கு டி.எஸ். என்ற இரண்டு எழுத்துத்தான் பெயர். விளங்காமல் தொங்கிய கையைக் கழுத்திலிருந்து துணி கட்டித் தாங்கி வைத்திருந்தார்கள். பிறகு வெட்டி எடுத்துவிட்டார்கள். கை போனதே தவிர, கை இருக்கிற உணர்வு போகவில்லை. அது தோளிலிருந்து தொங்குவது அவருக்குத் தெரிந்தது, அது வலிப்பதும் தெரிந்தது. அதை அசைக்க மட்டும் முடியவில்லை.

அவருக்கு முன்னால் ஓர் அட்டைப் பெட்டி வைக்கப்பட்டது. மேல்மூடி இல்லை. நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று செங்குத்தாக நின்றது. முன்பக்கத்தில் கை நுழைய இரண்டு ஓட்டைகள். நல்ல கையை ஒன்றில் விட்டு, இல்லாத கையை மற்றதில் விட்டதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தலையைச் சற்றுச் சாய்த்துக் கண்ணாடிக்குள் பார்த்தால், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் நல்ல கையின் பிம்பம் தெரியும். இரண்டு கையையும் ஒன்றுபோல அசைக்கச் சொன்னார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு செய்தபோது ஒன்றும் நடக்கவில்லை. திறந்து கண்ணாடிக்குள் பார்த்துச் செய்ததும் அவர் கூவிவிட்டார். முழங்கை அசைகிறது, மணிக்கட்டு அசைகிறது என்றார். கண்ணை மூடியதும் அது மறுபடி உறைந்துபோயிற்று. திறந்தால் அசைந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். தொடர்ந்து பழகிய பின், இல்லாத அந்தக் கையின் பெரும்பகுதியே மறைந்துபோனதாகச் சொன்னார். மேற்கையும் முழங்கையும் தெரியவில்லை. கைத்தலம் மட்டும் தோள்பட்டைக்குக் கிட்ட ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்ததாம்.

இன்றைக்குப் பாரிசவாதம் வந்தவர்களின் கைக்குப் பல நாட்டு வைத்தியசாலைகளில் கொடுக்கப்படும் கண்ணாடிப் பயிற்சி, சில டொலருக்குள் முடிந்த இந்தப் பெட்டியிலிருந்து பிறந்தது.

பெட்டியைச் செய்தவர் விளையனூர் எஸ். ராமச்சந்திரன். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய பாட்டனார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். மருத்துவம் படித்திருந்தாலும் அவர் மனம் முதலில் போனது பார்வை பற்றிய ஆய்வில்தான். கண் எதைக் காட்டுகிறது, அதிலிருந்து மூளை எதை நம்புகிறது என்பதையே அவர் வருடக்கணக்காகத் துருவிக்கொண்டிருந்தார். இழந்த கையின் வலிக்கு மற்றவர்கள் ஊசியும் கத்தியும் தேடிய காலத்தில் அவருக்குக் கண்ணாடி தோன்றியதற்கு இந்தப் பயிற்சிதான் காரணம்.

வெட்டிய உறுப்பு இருப்பதுபோல் தெரிவது பழைய செய்தி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களைப் பார்த்த சைலஸ் வெயர் மிச்செல் என்ற மருத்துவர் 1870களிலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதினார். ஆனாலும் நெடுங்காலம் இது மனப்பிரமை என்றும், இழப்பைத் தாங்க முடியாத மனம் கட்டும் கதை என்றும் ஒதுக்கப்பட்டது. சொன்ன நோயாளிகளும் பைத்தியம் என்று பேர் வாங்கப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

ராமச்சந்திரன் அவர்களைப் பேசவிட்டார். கை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் அவருடைய உடம்பில் ஒவ்வோரிடமாகத் தொட்டார். கன்னத்தில் தொட்டபோது கன்னத்தோடு இல்லாத கையின் விரலிலும் தொடுவது தெரிகிறது என்றார் இளைஞர். மூளையின் மேற்பரப்பில் முகத்துக்குரிய இடமும் கைக்குரிய இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கையிலிருந்து செய்தி வருவது நின்றதும், முகத்தின் செய்தி அந்த வெற்றிடத்துக்குள் பரவியிருக்கிறது. வளர்ந்த மனிதனின் மூளை மாறாது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த காலத்தில், கன்னத்தைத் தொட்ட ஒரு பஞ்சுக் குச்சி வேறு கதை சொன்னது.

அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வந்தது. சிலர் இல்லாத கையை நினைத்தபடி அசைக்கிறார்கள். சிலருக்கு அது கல்லாய்க் கிடக்கிறது. ஏன்? விசாரித்தபோது ஒன்று புரிந்தது. அப்படி அசையாத கைகளில் பல, வெட்டப்படுவதற்கு முன்பே நரம்பு அறுந்து விளங்காமல் கிடந்தவை. அந்த நாட்களில் மூளை ‘அசை’ என்று கட்டளை அனுப்பும். கண் பார்த்து ‘அசையவில்லை’ என்று பதில் சொல்லும். நாளுக்கு நூறு தடவை இதே பதில் வந்தால் மூளை அதைப் பாடமாக்கிக்கொள்கிறது. கை போன பிறகும் பாடம் நிற்கிறது. அசையாமையை மூளை கற்றுக்கொண்டது என்றால், கற்றதை மறக்கவும் செய்யலாம். கண் கொடுத்த தவறான பதிலைக் கண்ணாலேயே திருத்தலாம். கட்டளை போகும் அதே நொடியில் ‘அசைந்தது’ என்று கண்ணுக்குக் காட்ட ஒரு கண்ணாடி போதும்.

1995இல் ‘நேச்சர்’ இதழில் ராமச்சந்திரன், டயான் ரொஜர்ஸ் ராமச்சந்திரன், எஸ். கொப் ஆகியோர் இதை எழுதினார்கள். 1996இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் இதழில் விரிவான கட்டுரை வந்தது. கை இழந்த பத்துப் பேரைச் சோதித்ததில் ஆறு பேருக்குக் கண்ணாடியில் பார்த்தபோது இல்லாத கை அசைவது தெரிந்தது. இறுகப் பொத்திய கை நகத்தால் உள்ளங்கையைக் குத்துவதுபோல் வலித்தவர்களில் சிலர், கண்ணாடிக்குள் கை விரிவதைப் பார்த்து நிம்மதியடைந்தார்கள்.

பாரிசவாதத்துக்கு இந்த எண்ணம் தாவியது எப்படி? பாரிசவாதத்தில் கை உடம்போடுதான் இருக்கிறது, அடிபட்டது மூளை. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ, அசைவுக்குக் கட்டளையிடும் பகுதியும் அங்கிருந்து கீழிறங்கும் நரம்புப் பாதையும் சேதமாகின்றன. இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலது கையும் காலும் விழுகின்றன. பலருக்குப் பேச்சும் குழறுகிறது. ஆனால் எல்லாம் செத்துப்போவதில்லை. முதல் வாரங்களில் வீக்கத்தாலும் அதிர்ச்சியாலும் வேலைநிறுத்தம் செய்யும் பகுதிகளும் உண்டு. அந்த நாட்களில் கட்டளை போய்ப் போய்ப் பதில் வராததைக் கண்ட மூளை, டி.எஸ்.ஸின் மூளை கற்ற அதே பாடத்தைக் கற்றுவிடலாம். வீக்கம் வடிந்த பிறகும் கை விழுந்தபடியே கிடப்பதில் ஒரு பங்கு இந்தப் பாடத்தால் வருவதாக இருக்கலாம் என்று 1994இலேயே ராமச்சந்திரன் எழுதியிருந்தார்.

சோதித்துப் பார்த்தது 1999இல். எரிக் அல்ட்ஷுலர் முதன்மை ஆசிரியராகவும் ராமச்சந்திரன் கடைசி ஆசிரியராகவும் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். பாரிசவாதம் வந்து ஆறு மாதமாவது கழிந்த 9 பேர். நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு 15 நிமிடம், வாரத்தில் 6 நாள். நாலு வாரம் கண்ணாடியோடு. நாலு வாரம் கண்ணாடிக்குப் பதில் ஊடே தெரியும் பிளாஸ்டிக் தகட்டோடு. தகடு வைத்தபோது நோயாளி தன் விழுந்த கையையே பார்த்தபடி பயிற்சி செய்தார். பயிற்சி ஒன்று, நேரம் ஒன்று. கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் வேறு. அசைவுகளைப் படம்பிடித்து, எது எந்த வாரத்துப் படம் என்று சொல்லாமல் நரம்பியல் மருத்துவர்களிடம் காட்டினார்கள். கண்ணாடி வாரங்களில் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

ஒன்பது பேரை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. ஆனால் வாசல் திறந்துவிட்டது. 2000இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. சத்தியனும் கூட்டாளிகளும் கையில் தொடுவுணர்வையே இழந்த ஒரு பாரிசவாத நோயாளிக்குக் கண்ணாடி பயன்பட்டதை எழுதினார்கள். 2008இல் துருக்கியின் அங்காராவில் 40 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான பயிற்சியோடு நாளுக்கு 30 நிமிடக் கண்ணாடிப் பயிற்சியும் நாலு வாரம் செய்தவர்களின் கையசைவும், உண்ணல் உடுத்தல் போன்ற சொந்தக் காரியங்களும் மற்றவர்களைவிடத் தேறின; ஆறு மாதம் கழித்தும் அந்தத் தேற்றம் நின்றது. கையின் இறுக்கம் மட்டும் குறையவில்லை. 2009இல் ஜெர்மனியில் 36 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. கை முற்றாக விழுந்து, விரலில் அசைவே இல்லாதவர்களுக்கும் விரலசைவு திரும்ப இது உதவியது.

அது ஏன் முக்கியம் என்றால், பாரிசவாதக் கைக்கு இருக்கும் இன்னொரு பேர்பெற்ற பயிற்சியில் நல்ல கையை உறை போட்டுக் கட்டிவிட்டு, விழுந்த கையையே வேலை செய்யவைப்பார்கள். எட்வர்ட் டோப் என்பவர் உருவாக்கிய அந்த முறைக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் கையில் கொஞ்சமாவது அசைவு மிச்சம் இருந்தால்தான் அது பலிக்கும். ஒன்றுமே மிச்சமில்லாத கையோடு உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடிதான் தொடக்கம்.

உலக ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் குழு 2018இல் 62 ஆய்வுகளை, 1982 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் கண்ணாடி கை கால் அசைவைக் கூட்டுகிறது, அன்றாட வேலைகளுக்கும் உதவுகிறது என்பது முடிவு. இதை மந்திரம் என்று யாரும் விற்க முடியாது. விளையாட்டு என்று யாரும் தள்ளவும் முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது? ராமச்சந்திரன் சொன்ன ‘கற்ற செயலின்மை’ ஒரு விளக்கம். மற்றவர் செய்வதைப் பார்க்கும்போதே மூளையில் அதே செயலுக்கான நரம்பணுக்கள் எழும்புகின்றன என்று இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள் குரங்குகளில் கண்டது இன்னொன்று. கவனத்தை மறந்துபோன கையின் மேல் திருப்புகிறது என்பது மூன்றாவது. ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 2011இல் வெளிவந்த ஆய்வு மூளையையே படம்பிடித்துப் பார்த்தது. ஆறு வாரம் பெரும்பாலும் வீட்டிலேயே கண்ணாடிப் பயிற்சி செய்தவர்களிடம், அசைவுக்கான வேலை பாதிக்கப்பட்ட மூளைப் பக்கத்துக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. பயிற்சி முடிந்து ஆறு மாதத்தில் கூடுதல் பலன் நிற்கவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இரண்டையும் சேர்த்தே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமது பக்கத்து ஆட்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம். இலங்கையில் இரத்தினபுரிக்கும் பெல்மதுளைக்கும் இடையில் மண் சரிந்து பெருந்தெரு மூடிப்போனால் வாகனங்கள் தோட்டத்து ரோட்டால் சுற்றி வருகின்றன. முதல் நாள் அது சேறும் பள்ளமுமாக இருக்கும். தினமும் ஓடினால்தான் தடம் விழும். ஓட்டத்தை நிறுத்தினால் புல் மூடிவிடும். பாரிசவாதத்துக்குப் பிறகு மூளையும் சுற்றுப்பாதை தேடுகிறது. தினசரிப் பயிற்சி அந்தத் தடம் அழியாமல் காக்கும் ஓட்டம்.

கண்ணாடிக்கு இன்னொரு வேலையும் உண்டு என்று இந்தியாவிலிருந்து காட்டியவர் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியன். பஞ்சாபின் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவருடைய குழு நடத்திய ஆய்வு 2014இல் ‘நியூரோலஜி’ இதழில் வெளிவந்தது. பாரிசவாதம் வந்த சிலருக்கு உலகின் ஒரு பாதியே கவனத்திலிருந்து விழுந்துவிடும். தட்டில் வலப்பக்கச் சோற்றைத் தின்றுவிட்டு இடப்பக்கத்தை அப்படியே வைப்பார்கள். தலையில் ஒரு பக்கம் மட்டும் சீவுவார்கள். கண்ணில் பழுதில்லை, கவனம் அந்தப் பக்கம் போவதில்லை. அப்படிப்பட்ட 48 பேரில் கண்ணாடிப் பயிற்சி பெற்றவர்கள், தாளில் சிதறிய நட்சத்திரங்களைக் கோடிட்டு அடிப்பது, கோட்டை நடுவில் பிரிப்பது, படத்தைப் பார்த்துச் சொல்வது ஆகிய சோதனைகளில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். எல்லா ஆய்வுகளும் இந்தப் பலனை உறுதிசெய்யவில்லை. ஆயினும் பாதித் தட்டோடு எழும்புகிற நோயாளியை ‘பிடிவாதம்’ என்று ஏசும் வீட்டாருக்கு இதைத் தெரிவிப்பதே பெரிய உதவி.

இனி பெல்மதுளைக்கு வருவோம். இங்கே தோட்டத்து வேலை எதுவானாலும் இரண்டு கையும் வேண்டும். கொழுந்து ஒரு கையால் எடுபடாது. இறப்பர் மரத்தில் பால்வெட்டும் ஒரு கையால் ஆகாது. கை விழுந்தால் பேர், அதாவது நாள் சம்பளம், விழுகிறது. கூட இருந்து பார்ப்பவரின் பேரும் விழுகிறது. இரத்தினபுரி போதனா வைத்தியசாலையில் சில நாள், பிறகு கிளினிக் கொப்பியோடு லயத்துக்கு. பிசியோவுக்குக் கொடுத்த திகதிக்குப் போவதென்றால் தோட்டத்திலிருந்து இறங்க ஓட்டோ, பிறகு பஸ், ஒரு நாள் சம்பளம். இரண்டு மூன்று தடவை போய்விட்டு நின்றுவிடுகிறார்கள். ‘எண்ணெய் போட்டுப் பாப்போம்’ என்று நாட்டு வைத்தியரான வெத மாத்தயாவிடம் போகிறார்கள். ராகம புனர்வாழ்வு வைத்தியசாலை பலருக்குக் கேள்விப்பட்ட பெயர் மட்டும்தான். கை திரும்புவதற்கு மிக வாய்ப்பான முதல் சில மாதங்கள் இப்படியே கழிகின்றன.

லயத்துக் காம்பராவிலும் கண்ணாடி உண்டு. அதனால்தான் இந்தக் கதை நமக்கு வேண்டும். ஆனால் பயிற்சியை முதல் தடவை பிசியோ ஒருவர் காட்டித்தர வேண்டும். கூட இருக்கும் மகனோ மருமகளோ அதைப் பார்த்துப் பழக வேண்டும்.

முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தெரியும் அளவு கண்ணாடி போதும். ஓரம் வெட்டாதபடி சட்டமோ துணியோ சுற்றியிருக்க வேண்டும். நோயாளி கதிரையில் சாய்ந்து நிமிர்ந்து உட்காரட்டும். மேசையில், நெஞ்சுக்கு நேரே, கண்ணாடியின் பின்பக்கம் விழுந்த கைப் பக்கமும் முகம் நல்ல கைப் பக்கமும் இருக்கும்படி அதைச் செங்குத்தாக நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல். அதை ஒருநாளும் இழுத்துத் தூக்கி வைக்கக் கூடாது. தளர்ந்த தோள் மூட்டு இறங்கிவிடும். முழங்கையையும் மணிக்கட்டையும் தாங்கி மெதுவாக வைக்க வேண்டும்.

பிறகு நல்ல கையிலுள்ள வளையல், மோதிரம், மணிக்கூடு, கோயிலில் கட்டிய நூல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பச்சை குத்தியிருந்தால் மறைக்க வேண்டும். வளையல் போட்ட கை கண்ணாடிக்குள் தெரிந்தால் மூளை உடனே ‘இது மற்றக் கை’ என்று கண்டுபிடித்துவிடும். கண்ணாடிக்குள் தெரிவது தன் விழுந்த கைதான் என்று தோன்ற வேண்டும். அந்தத் தோற்றம் நிற்கும் வரைதான் பயிற்சிக்குப் பலன்.

“அம்மா, இந்தக் கையப் பாக்காதீங்க. கண்ணாடிக்குள்ள இருக்குற கையப் பாருங்க. மெதுவா விரிங்க… இப்ப பொத்துங்க. அந்தக் கையும் சேந்து செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டே செய்யுங்க.”

இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. விரிப்பது, பொத்துவது; உள்ளங்கையை மேலே, கீழே திருப்புவது; மணிக்கட்டைத் தூக்குவது; பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுவது. பழகிய பிறகு கோப்பையைப் பிடிப்பது, துணிக்கு ஊசி குத்துவது. கொழுந்தெடுத்தவர் என்றால் இரண்டு இலையும் மொட்டும் கிள்ளும் அசைவு அவருடைய மூளையில் பல வருடம் ஊறியது; அதையே செய்யலாம். காலையில் 15 நிமிடம், பின்னேரம் 15 நிமிடம். தலை சுற்றினாலோ, குமட்டினாலோ, பார்த்தவுடன் அழுகை வந்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மற்றப் பயிற்சிகளும் பிரஷர் மருந்தும் ஒருநாளும் நிற்கக் கூடாது. அடுத்த தடவை யாருக்காவது வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், விடியும் வரை காத்திருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம்.

கண்ணாடி மலிவானது என்பதற்காகத் தோட்டத்து மக்களுக்கு அதோடு போதும் என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன ஆய்வுகளில், வீட்டில் செய்தபோதும்கூட, பயிற்சியைக் காட்டித்தர தேர்ந்த ஒரு மனிதர் இருந்தார். அவர் இல்லாமல் அந்தப் பலன்கள் வரவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு கண்ணாடியும், மாதத்துக்குச் சில நாள் லயத்துக்கு ஏறிவரும் ஒரு பிசியோவும், கூட இருந்து பார்ப்பவருக்கு அந்த நாளின் சம்பளமும் கேட்பது பெரிய கேட்பு ஆகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. இல்லாத கை வலிக்கிறது என்று சொன்னவரைப் பைத்தியம் என்று தள்ளாமல், எங்கே, எப்படி, எப்போது என்று ஒரு மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் இந்த வைத்தியம் உண்டானது. மூன்றாவது வாரத்தில் ‘விரல் நுனியில ஏதோ சுருக்குன்னு இருந்துச்சு’ என்று அம்மா சொன்னால், அது சும்மா பிரமை என்று சொல்லிவிடாதீர்கள். எந்த விரல் என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தியரிடம் காட்டுங்கள்.